கித்தாக் காட்டு ஆற்றங்கரையில் திருச்சி மலைக்கோட்டை

சிரம்பான் ரயில் நிலைய வாசலில் மாமா தன் பழைய கஞ்சில் காருடன் நின்றிருந்தார். "பசியாறிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் ராசா பக்கம் வண்டியைத் திருப்பி ஒரு கடையில் தோசையும் கோப்பியும் வாங்கித் தந்தார். என் அப்பாவின் தாய்மாமனுடைய மகன் அவர். அந்தத் தாய்மாமன் முசிறிக்காரர். 1937-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் கிடந்து, பிறகு நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டச் சேர்ந்தார். மறு வருஷமே மலாயாவுக்குக் கூலியாட்களைச் செலவு கொடுத்து அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. ஒரு வருஷம் யோசித்துக்கொண்டிருந்தால் அவர் முசிறியிலேயே வாழைக் கொல்லைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்திருப்பார்.

நாங்கள் போகவேண்டிய செண்டாயான் என்றால் மாமா வயதுக்காரர்களுக்குக் கித்தாக் காடு, அதாவது ரப்பர்த் தோட்டம், நினைவுக்கு வரும். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு வீட்டுத் தவணை நினைவுக்கு வரும். சிரம்பானிலிருந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஒரே மாதிரி மாடி வீடுகள், சுற்றுச்சந்திகள், தொழிற்பேட்டை, கோலாலம்பூர் சுங்கை பீசியிலிருந்து இடம் மாறி வந்த விமானப்படைத் தளம், 2019-இல் திறந்த பெரிய வெள்ளைப் பள்ளிவாசல். பள்ளிவாசலின் முன்னால் வெளியூர்க்காரர்கள் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே ஒரு மரத்தையும் அடையாளம் தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிந்தது. "இந்தச் சந்தி இருக்குல்ல, இதுதான் பெரட்டுக் களம். விடியக்காலம் அஞ்சு மணிக்கு இங்கதான் பேர் கூப்பிடுவாங்க. அதோ அந்தக் கடைவரிசை, அது ஆயக் கொட்டாய். எங்க பொண்ணு அங்கதான் வளந்துச்சு" என்று ஒரு கையால் ஓட்டிக்கொண்டே காட்டினார்.

நான் போனது வீடு பார்க்க அல்ல. பையில் சில பிரதிகள் வைத்திருந்தேன். தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியலும் இந்தியாவில் வரைந்து லண்டனில் அச்சிட்ட படங்களின் நகல்கள். அவற்றில் ஒன்று காவிரியிலிருந்து பார்த்த திருச்சி மலைக்கோட்டை. அந்தப் படத்தை, அந்த ஆற்றைவிட்டு வந்தவர்களின் ஆற்றங்கரைக் கோயிலில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று ஓர் ஆசை. இதற்குமேல் நியாயம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

டேனியல்கள் 1785-இல் இங்கிலாந்தைவிட்டுக் கிளம்பினார்கள். சித்தப்பாவுக்கு முப்பத்தாறு வயது, பையனுக்குப் பதினாறு. தாமஸ் இளவயதில் கோச்சு வண்டி செய்பவரிடம் வேலை பழகியவர். சீனா வழியாகச் சுற்றிக்கொண்டு 1786-இல் கல்கத்தா சேர்ந்து, அந்த ஊரைப் பன்னிரண்டு படங்களாக அச்சிட்டு விற்று, வந்த பணத்தோடு கங்கையில் மேலே மேலே போய் இமயமலையின் கர்வால் வரை எட்டினார்கள். 1792-இல் சென்னைக்கு வந்தார்கள். திப்புவோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. போர்ச் செய்தியில் அடிபட்ட கோட்டைகளின் படத்துக்கு லண்டனில் விலை உண்டு என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. முதலில் பெங்களூர்ப் பக்கம் போய்விட்டுத் தெற்கே திரும்பினார்கள். மதுரை, ராமேசுவரம், பாபநாசம், குற்றாலம், தஞ்சாவூர், திருச்சி. கூடவே ஓர் இருட்டறைப் பெட்டி போனது. லென்சு வழியாக எதிரிலிருக்கும் காட்சி காகிதத்தில் விழும். அதன் கோடுகளை அப்படியே பென்சிலால் பிடித்துக்கொள்ளலாம். இந்தப் பெட்டியால்தான் அவர்களுடைய கோபுரங்கள் நிற்கிற நிலையில் நிற்கின்றன. அவர்களுக்கு முன் 1780-களின் தொடக்கத்தில் வந்த வில்லியம் ஹாட்ஜஸின் கோயில்களில் உணர்ச்சி அதிகம், அளவு குறைவு. எனக்கு டேனியல்கள் மேல்தான் நம்பிக்கை. மலைக்கோட்டையைச் சுற்றி அன்று மதிலும் அகழியும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை போய்விட்டன. மெயின்கார்டு கேட் மட்டும் ஞாபகத்துக்கு நிற்கிறது. அந்த மதில் இருந்த நாளின் திருச்சியைப் பார்க்க இன்று இவர்களிடம்தான் போகவேண்டியிருக்கிறது.

1794-இல் ஊர் திரும்பி, 1795 முதல் 1808 வரை ஆறு தொகுதிகளாக 144 படங்கள் வெளியிட்டார்கள். 'ஓரியண்டல் சீனரி' என்று பெயர். அவற்றில் ஆறும் கோயிலும் சேர்ந்து வருகிற படங்கள் பல. காசியின் தசாசுவமேதப் படித்துறை, யமுனைக் கரையில் பிருந்தாவனத்துக் கோயில்கள், சோன் ஆற்றங்கரையில் அகோரி என்ற ஊர். அந்தக் காலத்து ஆங்கில ரசனைக்கு இது அளவெடுத்துத் தைத்த விஷயம். அழகான காட்சி எப்படி இருக்கவேண்டும் என்று வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் எழுதிவைத்திருந்தார். முன்னால் ஓரமாக இருட்டில் ஒரு மரமோ பாறையோ, நடுவில் நீர், தூரத்தில் வெளிச்சம் விழும் ஒரு சிதைவு. மனிதர்கள் வேண்டும், ஆனால் சின்னதாக வேண்டும்; கட்டடம் எவ்வளவு பெரிது என்று காட்ட மட்டும் வேண்டும். டேனியல்களின் படங்களில் குளிப்பவர், குடம் தூக்குபவர், படகோட்டி எல்லோரும் இந்த வேலைக்காகத்தான் நிற்கிறார்கள். அவர்களில் யார் வீட்டுப் பேரனோ மலாயாவுக்கு வந்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

தார்ச் சாலை முடிந்து செம்மண் பாதை. இருபுறமும் செம்பனை. கித்தா மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்க்கொண்டிருக்கும் இடம் அது. பாதையின் கடைசியில் ஆறு. அகலம் ஒரு லோரி நீளம் இருக்கலாம். தேத்தண்ணீர் நிறத்தில் ஓடியது. லிங்கி ஆற்றில் போய்க் கலக்கிறது என்றார் மாமா. அந்தக் காலத்தில் ஈயம் ஏற்றிய படகுகள் லிங்கி வழியாகத்தான் கடலுக்குப் போயின. கரையில் கோயில். தோட்டத்தின் பெயரையும் கோயிலின் பெயரையும் எழுதவேண்டாம் என்று கமிட்டியார் கேட்டுக்கொண்டார்கள், நிலப் பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. மாரியம்மன், பக்கத்தில் முனியாண்டி. அத்தனை போதும்.

மலாயாத் தோட்டக் கோயில்கள் வளர்ந்த விதம் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் ஒரு மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும். சம்பளத்தில் பிடித்த காசு கொஞ்சம் சேர்ந்ததும் அத்தாப்புக் கூரை. கிராணி மனது வைத்தால், துரை கையெழுத்துப் போட்டால், சிங்க் தகரம். பிறகு தலைமுறை தாண்டிக் கோபுரம். இந்தக் கோயிலில் அத்தனையும் ஒரே பார்வையில் தெரிந்தன. கல் உள்ளே, சூலம் வெளியே, தகரம் பின்பக்கம், சுண்ணாம்பு வெளுத்த சின்னக் கோபுரம் முன்பக்கம். ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் காட்சி அல்ல. கரகம் சோடிக்க ஓடுகிற தண்ணீர் வேண்டும். தீ மிதிக்கிறவர்கள் முதலில் ஆற்றில் இறங்கி முழுகி ஈரத்துணியோடு வரவேண்டும். காசிப் படித்துறைக்கும் இதற்கும் அந்த வகையில் வித்தியாசம் கிடையாது.

கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த பாட்டியிடம் மாமா என்னை அறிமுகப்படுத்தினார். "ஊர்ல இருந்து வந்திருக்கு, நம்ம மாப்பிள்ளை." பாட்டிக்கு எண்பதுக்குமேல் இருக்கும். வலது கைக் கட்டைவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. பால்மரம் வெட்டும் உளி பிடித்த விரல். "எந்த ஊரு?" "முசிறிங்க, திருச்சிப் பக்கம்." "எங்க அப்பாவும் திருச்சி ஜில்லாதான். ஊர் பேரு சொல்லும். எனக்குத்தான் தங்கல." நான் மலைக்கோட்டைப் பிரதியை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். "மலை பெருசா இருக்கு. இது என்ன, ஆறா? ஆத்துல இவ்ளோ தண்ணி ஓடிச்சுன்னா எங்கப்பா ஏன் இங்க வந்துச்சு?"

டேனியல் ஆராய்ச்சியில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். காவிரி நிரம்பிப் போகும். கரையில் நிலமில்லாதவன் அதில் குளிக்கலாம், அவ்வளவுதான். படம் சொல்லாத பாதி அது.

படத்தை அச்சிட்ட முறையைக் கேட்டபோது மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவர் கடைசிப் பத்து வருஷம் பால் கொட்டகையில் வேலை பார்த்தவர். செப்புத் தகட்டில் மரப்பிசின் பொடியைத் தூவிச் சூடுகாட்டுவார்கள். பொடி உருகித் துளித்துளியாக ஒட்டிக்கொள்ளும். தகட்டை அமிலத்தில் போட்டால் துளிகளுக்கு இடையே மட்டும் அரிக்கும். எவ்வளவு நேரம் அரிக்கிறதோ அவ்வளவு கருமை. வெளுப்பாக இருக்கவேண்டிய வானத்தை முதலிலேயே வார்னிஷ் பூசி மறைத்துவிட்டு, ஆற்றை இன்னும் கொஞ்சம் அரிக்கவிட்டு, முன்னாலிருக்கும் மரத்தைக் கடைசிவரை ஊறவைப்பார்கள். அச்சடித்த பிறகு கையால் வண்ணம். "அப்ப அதுவும் ஆசிட் வேலதானா?" என்றார் மாமா. பாலைத் தொட்டியில் ஊற்றித் தண்ணீர் கலந்து பார்மிக் அமிலம் விட்டால் உறையும். அதிகமாக விட்டால் ஷீட்டு கெட்டுப்போகும். அளவு தெரிந்தவனுக்குத்தான் அந்த வேலை கொடுப்பார்கள். ஒரு மரத்தின் பிசினும் அமிலமும் சேர்ந்து துரைமார் வீட்டுச் சுவருக்குக் கோயில் போயிற்று. இன்னொரு மரத்தின் பாலும் அமிலமும் சேர்ந்து அதே ஊர் மோட்டார் வண்டிக்கு டயர் போயிற்று. மாமா தன் கை முட்டியில் பழைய ஆசிட் தழும்பு ஒன்றைக் காட்டினார்.

அந்த வீட்டுச் சுவர்களோடு விஷயம் நிற்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்துத் திரும்பிய சார்லஸ் காக்ரெல் என்பவருக்குக் குளஸ்டர்ஷயரில் செசின்கோட் என்றொரு மாளிகை. அவருடைய அண்ணன் கட்டடக் கலைஞர். மாளிகையை முகலாய பாணியில் எழுப்பினார். தோட்டத்துக்கு யோசனை சொன்னவர் தாமஸ் டேனியல். நீரோடை, அதன்மேல் நந்திகள் உட்கார்ந்த பாலம், குளம், குளத்தின் தலைமாட்டில் சூரியனுக்கு ஒரு கோயில். இன்றும் இருக்கிறது. நான் அதை நேரில் பார்த்ததில்லை, படத்தில் பார்த்தது. நன்றாகத்தான் இருக்கிறது. பூசை மட்டும் கிடையாது. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து இந்தக் கித்தாக் காட்டில் எழுத்தறியாத ஆட்கள் ஓடை, மரம், கோயில் என்று அதே மூன்றையும் சேர்த்தார்கள். இவர்களுக்குப் படம் தெரியாது, பூசை தெரியும். துரைமார் தோட்டம் இரண்டு பக்கமும் இருந்தது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

வில்லியம் டேனியலின் கை மலாயாவையும் தொட்டிருக்கிறது. 1821-இல் லண்டனில் பினாங்கைப் பற்றிப் பத்துப் படங்கள் வெளியாயின. மூல ஓவியங்கள் வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்த ராபர்ட் ஸ்மித் என்ற கேப்டனுடையவை. செப்புத் தகட்டில் செதுக்கியவர் வில்லியம். சஃபோக் மாளிகை, குளுகோர் வாசனைத் தோட்டம், அருவி, ஸ்ட்ராபெரி குன்றிலிருந்து தெரியும் கடல். ஸ்மித்தின் எண்ணெய் ஓவியங்கள் சில பினாங்கு மாநில அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இந்த ஸ்மித்தேதான் பின்னால் தில்லியில் குதுப் மினாரைப் பழுதுபார்த்து, அதன் தலையில் தன் சொந்த யோசனையாக ஒரு மண்டபத்தை வைத்தவர். கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. 1848-இல் இறக்கித் தரையில் வைத்துவிட்டார்கள். இப்போதும் புல்வெளியில் உட்கார்ந்திருக்கிறது. பினாங்கு படங்கள் வெளியான நாளில் குயீன் தெருவில் நம் ஆட்களின் மாரியம்மன் சந்நிதி இருந்தது. 1801-இல் அதற்கு நிலம் கிடைத்து, 1833-இல் கோயிலாக எழும்பியது. ஆக, மாமாவின் அப்பா விட்டுவந்த ஆற்றங்கரையையும் வந்து இறங்கிய கரையையும், அவர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, ஒரே மனிதர் தகட்டில் அரித்து வைத்திருக்கிறார். செண்டாயானுக்கு மட்டும் அப்படி ஒருவரும் வரவில்லை. தோட்டங்கள் எழும்பிய காலத்தில் அந்த ரசனையே முடிந்துபோயிருந்தது. கேமரா வந்துவிட்டது. கேமராக்காரர்கள் ஆபீஸ் பங்களாவையும், வரிசையாக நிற்க வைத்த கூலிகளையும் எடுத்துப் போனார்கள்.

பழமை என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. டேனியல்கள் பிருந்தாவனத்தை வரைந்தபோது அந்தக் கோயில்களுக்கு ஏறக்குறைய இருநூறு வயதுதான். கோவிந்ததேவர் கோயில் 1590-இல் முடிந்தது. ஆனாலும் படம் பார்த்த லண்டன்வாசிகளுக்கு அவை ஆதிகாலத்துச் சிதைவுகள். மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு வயதைப் பழஞ்சின்னத்துக்கு வரம்பாக வைத்திருந்தது. 2005-இல் அதற்குப் பதில் வேறு சட்டம் வந்தது. தோட்டக் கோயில் பல நூறைத் தொடும் நேரத்தில் தோட்டம் விற்பனைக்கு வந்துவிடுகிறது. நிலத்துப் பத்திரத்தில் கோயிலின் பெயர் இருக்காது. துரையின் வாய்வார்த்தையில் கட்டியது. அதன்பிறகு கோயிலை அகற்றச் சொல்லி நடக்கும் தகராறை இந்த நாட்டுத் தமிழர்கள் எல்லோரும் அறிவார்கள். 2018 நவம்பரில் சுபாங் ஜெயாவின் சீஃபீல்ட் கோயிலில் அது உயிர்ப்பலிவரை போனது. இடிபாடு அழகு என்று கில்பின் காலத்தவர் சொன்னார்கள். இங்கே பாசி படிய நேரம் கொடுப்பதில்லை. காலையில் வருகிற இயந்திரம் மாலைக்குள் தரையைச் சமமாக்கிவிடுகிறது.

செண்டாயான் கோயில் விஷயம் அவ்வளவு மோசமில்லை. மாற்று நிலம் கொடுத்தாயிற்று, தாமானுக்குள், அதாவது புதுக் குடியிருப்புக்குள். புதுக் கோயில் பாதிக்குமேல் எழும்பிவிட்டது. ஆனால் அங்கே ஆறு இல்லை. வாசலில் லோங்காங் என்கிற சிமெண்டு போட்ட ஒரு சாக்கடை ஓடுகிறது, அதில் கரகம் சோடிக்க முடியாது. "திருவிழான்னா லோரி பிடிச்சு இங்கதான் வர்றது. கரகத்த எடுத்துக்கிட்டுத் திரும்ப லோரில ஏறணும். மேளக்காரன் லோரிலயே அடிப்பான்" என்றார் பாட்டி. பழைய கோயிலை எடுத்த பிறகும் இந்தத் துறை மட்டும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதில் வரவில்லை.

பழைய மண்டபத்துக்குள் போனேன். சுவர் முழுக்கக் காலண்டர் படங்கள், கண்ணாடி போட்டு மாட்டியவை. சிவகாசியில் அச்சாகிக் கடல்தாண்டி வந்தவை. பலவற்றில் கோவில்பட்டி பாணி பளிச்சென்று தெரிந்தது. கொண்டையராஜு (1898–1976) மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனியோடு சுற்றிப் படுதா வரைந்தவர், கோவில்பட்டியில் தங்கி ஒரு சீடர் கூட்டத்தையே உருவாக்கியவர். அவர்களுடைய முருகனுக்குப் பின்னால் பாருங்கள்: ஓரமாகச் சாய்ந்த ஒரு மரம், நடுவில் வளைந்து வரும் ஆறு, தூரத்தில் நீலமாகக் கரையும் மலை, மலையடிவாரத்தில் விரல்நுனி அளவு கோபுரம். கில்பின் பாதிரியாரின் சூத்திரம் அச்சுப் பிசகாமல் இருக்கிறது. ஓவியப் பள்ளிப் பாடத்திலும் நாடகப் படுதாவிலும் தங்கி, அங்கிருந்து காலண்டருக்கு இறங்கியிருக்கவேண்டும் என்பது என் ஊகம். ஒரே ஒரு மாற்றம். டேனியல்கள் ஆளைச் சின்னதாக்கிக் கட்டடத்தைப் பெரிதாக்கினார்கள். கோவில்பட்டிக்காரர்கள் சாமியை முன்னால் நிறுத்தி, ஆறு, மலை, கோயில் எல்லாவற்றையும் அவர் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். எனக்கு இரண்டாவதுதான் துணிச்சலான காரியமாகப் படுகிறது.

மாலையில் புதுக் கோயிலுக்குப் போனோம். மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து பெர்மிட்டில் வந்த சிற்ப வேலைக்காரர்கள் சாரத்தின்மேல் இருந்தார்கள். உள்சுவரில் படம் எழுதுகிற தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கமிட்டித் தலைவர் ஒரு சுவரைக் காட்டி, "இங்க ஆறு ஒண்ணு வேணும்னு சொல்லியிருக்கோம். வாசல்ல இல்ல, சுவத்துலயாவது இருக்கட்டும்" என்றார். எந்த ஆறு என்பதில்தான் கமிட்டிக்குள் வழக்கு. பாதிப்பேர் காவிரி என்கிறார்கள். பாதிப்பேர் இந்த ஊர் ஆற்றையே எழுதச் சொல்கிறார்கள். மாமா இரண்டாவது கட்சி. "காவிரிய நான் பாத்ததே கிடையாது. நான் முழுகினது இதுலதான்."

நான் டேனியலின் பிரதியை நீட்டினேன். தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"பிரிண்ட்டாண்ணே? கையால போட்டதா?"

"தகட்டுல செதுக்கி அடிச்சு, கையால கலர் குடுத்தது. இருநூறு வருசத்துக்கு மேல ஆச்சு."

"வாஷ் நல்லா விழுந்திருக்கு. வானத்துல ஒரு கோடு தெரியல பாருங்க." சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "ஆனா இதுல சாமி எங்கண்ணே? மலை உச்சில இருக்காருன்னு நமக்குத் தெரியும். இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிறகு கமிட்டித் தலைவரும் மாமாவும் தம்பியும் சேர்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆறு இந்த ஊர் ஆறு, தேத்தண்ணீர் நிறத்தில்தான் இருக்கும், கரையில் கித்தா மரம் நான்கு, பால் வடியும் மங்கு கட்டி. தூரத்தில் மலைக்கோட்டை, டேனியல் போட்ட அளவில் பாதி. அம்மன் முன்னால், கரகத்தோடு. குளிக்கிற ஆட்களைச் சின்னதாக எழுதக்கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குத் தனியாக எவ்வளவு ஆகும் என்று கமிட்டித் தலைவர் கேட்டார். தம்பி கணக்குப் போட ஆரம்பித்தார்.